இரவல் நரம்பு

அன்றைக்கு நட்டநடுச் சாலையில் நான் போட்ட பிரேக்குக்காகப் பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அத்தனையும் நியாயமான திட்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒருத்தியே, முன்னால் ஈ காக்கா இல்லாத சாலையில் வண்டியைச் சடாரென்று நிறுத்தினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஆனால் காரணம் இருந்தது. அந்தக் காரணம் என் பக்கத்தில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ரொட்டி மென்றுகொண்டிருந்தது. என் அண்ணிதான்.

அண்ணி பல் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்துகிறவர். அதிலும் தாடை என்றால் தனிப் பாசம். அண்ணன் முதன்முறை அவரை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, எதிரே உட்கார்ந்து நான் மரியாதையில்லாமல் ஒரு கொட்டாவி விட்டேன். என் காதுக்கு முன்னால் 'டக்' என்றது. சின்ன வயதிலிருந்தே கேட்கிற சத்தம்தான். அண்ணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, என் இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரலை வைத்து, வாயைத் திற, மூடு, மறுபடி திற என்றார். தாடை மூட்டுக்குள்ளே சின்னதாக ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறதாம். வாயைத் திறக்கும்போது தாடை எலும்பின் குமிழ் முதலில் கதவுக் கீல் மாதிரி சுழலும், அப்புறம் மேசை இழுப்பறை மாதிரி முன்னால் வழுக்கி வரும், தட்டும் அதன் கூடவே வர வேண்டும். என்னுடைய தட்டு அவசரக் குடுக்கையாக முன்னாலேயே போய் நின்றுகொள்கிறது. குமிழ் வந்து அதன் மேல் ஏறும்போதுதான் அந்தச் சத்தம். பயப்பட ஒன்றுமில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பி, "இவ்வளவு பேசினா தட்டு எப்படிங்க இடத்துல நிக்கும்?" என்றார். அண்ணன் எனக்கு ஏற்கெனவே ஹாரன் என்று பெயர் வைத்திருந்தான். அன்றைக்கு அதற்கு மருத்துவச் சான்றிதழும் கிடைத்துவிட்டது. எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போயிற்று.

இப்படிப்பட்டவருக்குத்தான் போன வருடம் வலது காதுக்கு முன்னால், உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஒரு கட்டி வந்தது. முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்கு நடுவேதான் கிளை கிளையாகப் பிரிந்து போகிறது. கட்டி நரம்பை வளைத்துக்கொண்டிருந்ததால், இரண்டையும் சேர்த்தே வெட்டி எடுக்க வேண்டும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். உயிர் பிழைக்கும், வலது பக்க முகம் போய்விடும். ஆனால் அதே அறுவையில் இன்னொரு வேலையும் செய்துபார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து அதை எங்களுக்கு விளக்கும்போது அண்ணிக்குத் தன் முகம் என்பதே மறந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் படமெல்லாம் போட்டுக் காட்டினார்.

முகத்தை அசைப்பது ஏழாம் நரம்பு. மெல்லுகிற தசைகளை அசைப்பது ஐந்தாம் நரம்பு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பல்லைக் கடித்தால் கன்னத்தில் கெட்டியாகப் புடைக்கிற தசை இருக்கிறதே, அதற்குப் போகிற நரம்பு தாடை எலும்பின் மேல் விளிம்பில் உள்ள ஒரு பள்ளத்தின் வழியாக வெளியே வருகிறது. அதில் ஒரு கிளையை அறுத்து, முகநரம்பின் அறுந்துபோன முனையோடு தைத்துவிடுவார்கள். மெல்லுவதற்குக் குறையொன்றும் வராது. நெற்றிப்பொட்டில் விசிறி மாதிரி ஒரு தசை, தாடைக்கு உள்பக்கம் ஒளிந்திருக்கிற இரண்டு தசைகள் என்று ஆள்பலம் இருக்கிறது. அண்ணன் பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுக்கிற மாதிரியா என்று கேட்டான். அதேதான், ஆனால் அனுமதியோடு என்றார் அண்ணி.

அப்படியானால் இனிமேல் எப்படிச் சிரிப்பீர்கள் என்று நான் கேட்டேன்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுதான். உங்க அண்ணனைக் கட்டின நாள்லேர்ந்து அதைத்தானே செஞ்சிட்டிருக்கேன்?"

அறுவை நன்றாக முடிந்தது. கட்டி போயிற்று, வலது கன்னமும் போயிற்று. கண் மூடுவதற்காக மேல் இமைக்குள் சின்ன எடை ஒன்று வைத்துத் தைத்திருந்தார்கள். உதட்டின் ஓரம் மட்டும் ஈரத்துணி மாதிரி தொங்கிக் கிடந்தது. தைத்த நரம்பு வளர்ந்து கன்னத் தசையை எட்ட வேண்டும், அது மெதுவாகத்தான் நடக்கும், தினமும் கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் கடித்துப் பாருங்கள், நான் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள் என்று சர்ஜன் அனுப்பிவைத்தார்.

அண்ணி விடுவாரா? நரம்பு ஒரு நாளில் எவ்வளவு வளரும், தையலிலிருந்து உதட்டோரம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு, வந்துசேரும் தேதியையே குறித்துவிட்டார். காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் குளியலறைக் கண்ணாடி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். அந்தத் தேதியும் வந்தது, நரம்பு வரவில்லை. இன்னும் சில வாரம் பார்த்தார். அப்புறம் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். நரம்பு வழியிலேயே செத்துவிட்டது, இனிமேல் கடிப்பது பல்லுக்குத்தான் கேடு என்றார். சர்ஜனிடம் மட்டும், தினமும் செய்கிறேன் டாக்டர், என்று பொய் சொன்னார். பாடம் நடத்துகிறவர்களுக்கு நோயாளியை விடப் பாடத்தின் மேல் நம்பிக்கை அதிகம். நோயாளி தானேயானாலும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்து முதன்முதலாக அவர் சாப்பிட உட்கார்ந்த அன்று, வாயின் ஓரத்திலிருந்து உணவு வழிந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் பார்த்துவிட்டான். அண்ணன் பார்த்ததை அண்ணி பார்த்துவிட்டார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து, யாரும் யாரிடமும் சொல்லாமலே, அவர் சாப்பிடும்போது நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்று ஆகிவிட்டது. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறவன், சாப்பாட்டு மேசையில் தன் தட்டில் எதையோ தொலைத்தவன் போலக் குனிந்தே இருப்பான். நானும் அப்படித்தான். அன்பினால்தான் செய்தோம். அதற்குப் பதிலாக மற்ற நேரமெல்லாம் அவரைச் சிரிக்க வைத்துவிட்டுக் கன்னத்தையே உற்றுப் பார்ப்போம். என்னிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் இடித்த கதைகளையெல்லாம் கண் காது மூக்கு வைத்துச் சொல்வேன். அண்ணி இடது பக்கமாகச் சிரிப்பார். வலது பக்கம் அசையவே அசையாது.

கல்லூரிக்குத் திரும்பப் போனார். உதடு ஒட்டாததால் ப, ம எல்லாம் காற்றாகப் போயின. மாணவர்கள் நல்ல பிள்ளைகள், ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்களாம், அவர் ஒன்றும் சொல்லாதபோதுகூட. சிரித்திருந்தால் தேவலை என்றார் அண்ணி. வகுப்பை வேறொருவருக்கு விட்டுவிட்டு, எலும்புகளும் கண்ணாடி ஜாடிகளும் இருக்கிற அறையைப் பார்த்துக்கொள்கிற வேலையை எடுத்துக்கொண்டார். அங்கே இருக்கிற எந்த முகமும் என்னைத் திரும்பிப் பார்க்காது என்று வேடிக்கையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

நான் பிரேக் போட்ட அன்று அவருக்கு மருத்துவமனையில் பரிசோதனை. இன்றைக்கும் கன்னத்தில் அசைவு இல்லையென்றால், தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்துக் கன்னத்தில் வைக்க வேண்டியிருக்கும், இன்னும் பெரிய அறுவை, என்று சர்ஜன் போன தடவையே சொல்லியிருந்தார். அண்ணி ஒத்துக்கொள்ளப் போவதில்லை. முந்தின நாளே எங்களிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை கத்திக்குக் கீழ படுக்க மாட்டேன். இந்த முகத்தோட இருந்துக்கறேன். பாடம் நடத்தறது இனிமே இல்லை, அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கோபம் வந்தால் நான் யாரையாவது எதையாவது செய்ய வைப்பேன். மறுநாள் காலை பயிற்சிக் காரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, நீங்களே ஓட்டுங்கள் என்று சாவியைக் கையில் திணித்தேன். அறுவைக்கு அப்புறம் அவர் வண்டியைத் தொட்டதில்லை. கடை திறக்கப் போகிற அவசரத்திலும் அண்ணன் ஒரு டப்பாவில் ரொட்டி வைத்துக் கொடுத்தான். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. முன்கண்ணாடியில், பின்னால் பார்க்கிற வழக்கமான கண்ணாடியைத் தவிர, சின்னதாக ஒன்று எனக்காக ஒட்டியிருக்கும். அது சாலையைப் பார்க்க அல்ல, ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்க்க. கற்றுக்கொள்கிறவர் கண் எங்கே போகிறது என்று அதில் பார்த்துக்கொண்டே இருப்பது என் தொழில். தூக்கத்தில்கூட என் கண் அந்த இடத்துக்குப் போய்வரும்.

சிக்னலில் நின்றபோது அண்ணி டப்பாவைத் திறந்தார். அசையாத கன்னம் ஜன்னல் பக்கம் இருந்தது, நான் மறுபக்கம். சாப்பிடும்போது வழக்கப்படி நான் தன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று நம்பித்தான் ஒரு பெரிய துண்டாகக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பச்சை விளக்கு விழுந்தது. வண்டி நகர்ந்தது. நானும் நேரே சாலையைத்தான் பார்த்தேன். ஆனால் பாழாய்ப்போன தொழில் பழக்கம், கண் தானாகச் சின்னக் கண்ணாடிக்குப் போனது. அதில் அண்ணியின் உதட்டோரம் துள்ளியது.

அவர் கடித்தார், துள்ளியது. விட்டார், விழுந்தது. கடித்தார், மறுபடி துள்ளியது. என் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது.

பேருந்து ஓட்டுநர் தன் பங்கைச் சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். அண்ணிக்கு முகம் வெளிறிவிட்டது. வண்டியை எப்படியோ ஓரம் கட்டிவிட்டு, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டார்.

"ஒரு தப்பும் பண்ணல. மெல்லுங்க அண்ணி."

"என்னது?"

"வாயில இருக்கறத மெல்லுங்க."

நான் பார்த்துவிட்டேன் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகத்தை ஜன்னல் பக்கம் வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். நீயுமா பார்க்க ஆரம்பித்துவிட்டாய் என்று கேட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கிற ஜாதியா நான்? சின்னக் கண்ணாடியைப் பிடுங்கி, பசையும் தூசியுமாக அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். இத்தனை வருடமாக என் தாடையைத் தடவிப் பார்த்துக் கிண்டல் செய்தீர்களே, உங்கள் தாடையை நான் ஒரே ஒரு தடவை பார்க்கக் கூடாதா என்று கத்தினேன். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த அழுகையைப் பார்த்து மிரண்டுபோய் அவர் ஒரு தடவை மென்றார். கண்ணாடியில் அது துள்ளியது. அண்ணி மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

நம்பினாரா என்றால் இல்லை. ரொட்டி உள்ளேயிருந்து கன்னத்தைத் தள்ளுகிறது, வேறொன்றுமில்லை என்றார். தண்ணீர் குடித்து வாயைக் காலி செய்தார். நல்ல பக்கம் இழுப்பதால் இந்தப் பக்கம் அசைவது போலத் தெரியலாம் என்று சொல்லி, இடது கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். என்னைக் கண்ணாடியை ஆட்டாமல் பிடிக்கச் சொன்னார். அப்படியும் ஆட்டுகிறேன் என்று திட்டு வாங்கினேன்.

முதலில் வாயை அகலத் திறந்தார். குமிழ் முன்னால் வழுக்குகிறது, இதை இழுப்பது உள்ளே இருக்கிற தசை, அதற்கு வேறு கிளை என்றார். உதட்டோரம் அசையவில்லை. தாடையை இடது பக்கம் நகர்த்தினார். அதுவும் உள்தசையின் வேலைதான். அசையவில்லை. வலது பக்கம் நகர்த்தினார், அசையவில்லை. அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலி வாயோடு, கடைவாய்ப் பற்களை அழுத்திக் கடித்தார்.

தொங்கிக் கிடந்த உதட்டோரம் மேலே ஏறியது. ஏறி நின்றது. பல்லை விட்டதும் இறங்கியது.

"கடிச்சா மட்டும்," என்றார். குரல் மாறிவிட்டது, அது வகுப்பறைக் குரல். "திறந்தா இல்லை, பக்கவாட்டுல போனா இல்லை, கடிச்சா மட்டும். தைச்ச கிளைதான். வேற எந்த நரம்பாலயும் இதைச் செய்ய முடியாது." ப, ம எல்லாம் இன்னும் காற்றாகத்தான் வந்தன. ஆனால் அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மறுபடி கடித்தார். மறுபடி, மறுபடி. நான் காருக்குள்ளேயே குதித்ததில் தலை கூரையில் இடித்தது.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து ஜன்னலைத் தட்டினார். இங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருப்பார். இத்தனை மாதமாகப் பால்காரரிடம்கூட முகத்தைச் சால்வையால் மறைத்துக்கொண்டு பேசிய என் அண்ணி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, இங்க கொஞ்சம் பாருங்க சார், என்று அவரிடம் கன்னத்தைக் காட்டிக் கடித்துக் காட்டினார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், நல்லாத்தாம்மா இருக்கு, வண்டியை எடுங்க என்றார். மீதி வழிக்கு நான்தான் ஓட்டினேன். அண்ணி அந்தச் சின்னக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார்.

மருத்துவமனையில் சர்ஜன் வழக்கம்போலக் கணினித் திரையைப் பார்த்தபடி பல்லைக் கடிக்கச் சொன்னார். ஏதோ சொல்ல வந்தவர் திரும்பினார். அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்து, அருகில் வந்து, அண்ணியின் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து இன்னொரு தடவை கடிக்கச் சொன்னார். அடுத்த அறையிலிருந்த இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தசை வைக்கிற பேச்சே இனி இல்லை, பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள். நாளாக ஆகக் கடிக்காமலே சிரிப்பு வரவும் வழியுண்டு, மூளை மெல்லக் கற்றுக்கொள்ளும் என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், நான் மட்டும் பேசவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வமாக நடந்த சங்கதி அது. அப்புறம் சர்ஜன் கேட்டார், எப்போதிலிருந்து அசைகிறது என்று. இன்றைக்குத்தான் பார்த்தோம் என்றோம். சர்ஜன் தலையை ஆட்டினார். இவ்வளவு பலம் ஒரே நாளில் வராது, குறைந்தது சில வாரமாவது ஆகியிருக்கும் என்றார்.

"மெல்லறப்பல்லாம் தெரிஞ்சிருக்குமே. வீட்ல யாரும் இவங்க முகத்தைப் பார்க்கலையா?"

நான் தரையைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்த பிறகுதான் நரம்பு வந்து சேர்ந்திருக்கிறது. வேளாவேளைக்கு எங்கள் மேசையிலேயே வந்து கன்னத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காமல் திரும்பிப் போயிருக்கிறது. நாங்கள் மரியாதையாகத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அவமானமாக இருந்தது, சந்தோஷத்துக்கு நடுவிலும்.

அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம் என்று அண்ணி தடுத்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். மதியம் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்தான். எங்கள் முகத்தைப் பார்க்கவும் பயந்து, கையைக் கழுவிவிட்டு நேரே சாப்பிட உட்கார்ந்தான். அண்ணி தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அவன் கண் உடனே தன் தட்டுக்கு இறங்கிவிட்டது.

"என்னங்க, என்னைப் பாருங்க."

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?" என்றான், குனிந்தபடியே.

"முதல்ல பாருங்க."

நிமிர்ந்தான். அண்ணி ஒரு கவளத்தை வாயில் போட்டு நிதானமாக மென்றார். வலது உதட்டோரம் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. அண்ணன் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. சிரிக்கிறாயா என்று கேட்டான். இல்லை, மெல்லுகிறேன் என்றார் அண்ணி. உதட்டின் கீழே கொஞ்சம் வழிந்தது. அவர் துடைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அவனுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கையில் எடுத்த சோற்றோடேயே, சின்னப் பையன் மாதிரி விக்கி விக்கி அழ ஆரம்பித்தான். மூக்கும் கண்ணும் சோறுமாக அவன் இருந்த கோலத்தைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வழக்கம்போல இடது பக்கம் மட்டும்தான் சிரித்தது. உடனே அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பல்லை அழுத்திக் கடித்தார். ஒரு நொடி பிந்தி வலது பக்கமும் மேலே ஏறி, இடது பக்கத்தோடு சேர்ந்துகொண்டது. அறுவைக்குப் பிறகு நான் பார்த்த முதல் முழுச் சிரிப்பு அது. பாதி தானாக வந்தது, மீதிப் பாதியை அவர் எங்களுக்காக மெனக்கெட்டுக் கொடுத்தார். தாடை வலிக்கும்வரை அவர் பல்லை விடவில்லை, அண்ணனும் கண்ணை எடுக்கவில்லை.